கொக்கின் தவமும் கொல்லாமையும்

கண்டி மாநகரின் நடுவே, தலதா மாளிகையை அடுத்துப் பரந்து கிடக்கும் வாவியில் மனிதர் எவரும் மீன் பிடிக்கலாகாது என்பது விதி. அவ்விதியைத் தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்றி, புத்த பெருமானின் தந்த தாது எழுந்தருளியிருக்கும் புண்ணிய ஸ்தலத்தின் அருகே உயிர்க்கொலை தகாது என்னும் பக்தியினாலும் மக்கள் போற்றி வருகின்றனர். வெள்ளாடை உடுத்து, தாமரையும் நீலோற்பலமும் ஏந்தி மாளிகைக்குச் சென்று வணங்கிய யாத்திரிகர்கள், திரும்பும் வழியில் கரைச் சுவரோரம் நின்று, நீர்மட்டத்துக்கு எழுந்து வாய் திறக்கும் மீன் கூட்டத்துக்குப் பொரியும் பாண் துண்டும் இட்டு மகிழ்கின்றனர். அவர்களுடைய கண்ணெதிரிலேயே நீர்க்காகம் ஒன்று மூழ்கி, மீனைக் கவ்விக்கொண்டு மேலெழுந்து, அதன் முட்கள் தொண்டையில் தைக்காதவாறு தலைப்புறமாகத் திருப்பி விழுங்கிவிட்டு, மறுபடியும் மூழ்குகின்றது. மனிதன் கொல்லாதிருக்க விரதம் பூண்ட நீரில் பறவை நாள் முழுவதும் கொல்கின்றது.

இக்காட்சியை ஊன்றி நோக்குவார் உள்ளத்தில் ஒரு வினா எழாதிருக்க முடியாது. உயிர் உயிரைத் தின்றே வாழ்வதுதான் இப்பிரபஞ்சத்தின் நியதியாக இருக்குமாயின், கொல்லாமை என்னும் தருமத்துக்கு எங்கே ஆதாரம்? அது உலகத்தின் இயல்போடு ஒட்டாத வெறுங் கற்பனையா, அல்லது அவ்வியல்புக்கும் மேற்பட்ட ஒரு சத்தியத்தின் சாயலா? நூலகத்தில் அமர்ந்து அகிம்சையைப் பற்றிப் படிப்பவர் இவ்வினாவை ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆண்டு முழுவதும் பருவந்தோறும் பறவைகளைப் பார்த்து வருகின்றவருக்கு அவ்வசதி இல்லை. அவர் நேசித்துப் பார்க்கும் பறவைகளிற் பல, அவர் கண்ணெதிரே கொன்று உண்பவை.

வாவியின் வரலாற்றிலேயே இவ்வினாவின் நிழல் படிந்திருக்கின்றது. கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னனும், தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவனுமாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அரண்மனைக்கு முன்னே வயலாய்க் கிடந்த பள்ளத்தை அணைகட்டித் தேக்கி இதனை அமைத்தான். 1807ஆம் ஆண்டை இதன் தோற்றத்துக்கு உரியதாகச் சொல்வர். கரையிலுள்ள அலைவடிவச் சுவரும் நடுவிலுள்ள சிறு தீவும் அவன் காலத்தின் அழகுணர்ச்சிக்குச் சான்றாக நிற்கின்றன. ஆயினும் ஊழியக் கடமையின் பேரால் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட குடிகள் பட்ட துன்பமும், எதிர்த்தவர்களை மன்னன் வாவியின் படுகையிலேயே கழுவேற்றினான் என்னும் செவிவழிச் செய்தியும் இன்றளவும் இவ்வூரில் வழங்கி வருகின்றன. 1815ஆம் ஆண்டு பிரித்தானியரிடம் நாட்டை இழந்த அவன், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832ஆம் ஆண்டு மாண்டான். பசிக்காகக் கொல்லும் பறவையும் மகிமைக்காகக் கொல்லும் அரசனும் ஒரே நீர்ப்பரப்பின் சரித்திரத்தில் அருகருகே நிற்கும்போது, கொலை என்னும் ஒரே பெயரால் அவ்விரண்டையும் அழைப்பது நியாயமாகுமா என்னும் ஐயமும் உடன் பிறக்கின்றது.

மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே வனமும் இவ்வாவியோடு சேர்த்தே எண்ணத்தக்கது. முன்னர் அரச குடும்பத்தாருக்கு மட்டுமே உரிய சோலையாயிருந்து, 1856ஆம் ஆண்டு ஒதுக்குக் காடாகி, 1938ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இவ்வனம், 104 ஹெக்டேயர் பரப்பே உடையதாயினும், இலங்கைக்கே உரிய லேயார்டின் பச்சைக்கிளியையும் மஞ்சள் நெற்றிக் குக்குறுவானையும் நகரத்தின் மத்தியிலேயே நாம் காணும்படி காத்து வைத்திருக்கின்றது. காட்டுக்கும் வாவிக்கும் இடையே பறவைகளின் போக்குவரத்து ஓயாது நிகழ்கின்றது. பருவங்களின் சக்கரமும் இரண்டையும் ஒருங்கே தழுவிச் சுழல்கின்றது.

அச்சக்கரத்தை ஐப்பசி மழையிலிருந்து தொடங்கிப் பார்த்தல் தகும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கண்டி மலைகளின் மீது பிற்பகல்தோறும் இடியுடன் மழை பொழிகின்றது. அந்நாட்களில், இமயத்தின் அடிவாரங்களிலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் இனம் பெருக்கிய ஆறுமணிக்குருவி, இரவு வானத்தின் வழியே தெற்கு நோக்கிப் பறந்து, கடலைக் கடந்து, உடவத்தகெலேயின் சருகுகளுக்கிடையே வந்து இறங்குகின்றது. விடியற்பொழுதிலும் அந்தி சாயும் வேளையிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கை ஒலியைக் கேட்டே, இவ்வாண்டின் வலசை தொடங்கிவிட்டதென்று பறவை நோக்குவோர் தெளிகின்றனர். மாளிகையின் அந்திப் பூஜைக்கான மேளம் முழங்கும் பொழுதும் அக்குருவி கூவும் பொழுதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காணலாம். அதனை அடுத்துச் சாம்பல் வாலாட்டி ஓடைக்கரைகளுக்கு வருகின்றது; தகைவிலான்கள் வாவியின் மேல் தாழப் பறந்து பூச்சிகளை வாரிச் செல்கின்றன; நீலவால் பஞ்சுருட்டான் உயர்ந்த கொம்பொன்றிலிருந்து அம்பெனப் பாய்ந்து தட்டாரப்பூச்சியைப் பிடித்து, இருப்பிடம் மீண்டு, கிளையில் அடித்து உண்கின்றது.

தை பிறந்து மழை ஓய்ந்து வானம் தெளியும்போது வாவி தன் முழு அழகையும் காட்டுகின்றது. காலையில் சிறு நீர்க்காகங்களும் கொண்டை நீர்க்காகங்களும் கிளைகளில் வரிசையாய் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்துகின்றன. அவற்றின் இறகுகள் வாத்தின் இறகுபோல நீரை முற்றிலும் விலக்குவன அல்ல. ஓரளவு நனைந்து கனப்பதாலேயே அவை ஆழ மூழ்கி மீனைத் துரத்த வல்லனவாகின்றன. கரையோரத்தில் வெண்கொக்கு ஒற்றைச் சிலைபோல் நிற்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணின் நிறத்தில் மறைந்திருந்த குருட்டுக் கொக்கின் முதுகு, இனப்பெருக்கக் காலம் நெருங்க நெருங்கச் செம்பழுப்பு நிறம் பூண்டு பொலிவடைகின்றது. மாலையில் நூற்றுக்கணக்கான பறவைகள் கரையோர மரங்களுக்கு அடைய வரும் வேளையில், பகலெல்லாம் உறங்கிய இராக்கொக்குகள் கரகரத்த குரலெழுப்பிக்கொண்டு தம் தொழிலுக்குப் புறப்படுகின்றன. சித்திரை நெருங்கும்போது வந்த விருந்தினர் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். ஆறுமணிக்குருவியின் குரல் எந்த நாளில் நின்றதென்று எவரும் குறித்து வைக்காமலேயே நின்று போகின்றது. தென்மேற்குக் காற்றின் மாதங்களில் வாவியும் வனமும் இங்கேயே பிறந்து வளர்ந்த பறவைகளுக்கு உரியனவாகின்றன. ஆடி, ஆவணியில் எசல பெரஹரா ஊர்வலத்தின் தீவட்டிகளும் யானைகளும் நகரத்தை ஒளிமயமாக்கி முடித்த சில வாரங்களில், வடதிசையின் முதற் பயணிகள் மீண்டும் வந்து சேர்கின்றன.

இவ்வாறு வருதலும் இருத்தலும் போதலுமாகிய இச்சக்கரத்தைக் கண்டு அநித்தியத்தை உணர்வது அரிதன்று. ஆனால் பருவங்களை ரசிக்கும் கண் ஒன்றை மறைத்துக்கொள்ளலாகாது. மேலே சொன்ன ஒவ்வொரு பருவத்தின் அழகும் வேட்டையின் அழகேயாகும். பஞ்சுருட்டானின் பாய்ச்சல் ஒரு தட்டாரப்பூச்சியின் மரணம். நீர்க்காகத்தின் மூழ்கல் ஒரு மீனின் முடிவு. கொக்கின் அசையாமை ஒரு தவளையின் இறுதிக் கணம். கொக்குக் குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுமாயின் நீருடும்பாகிய கபரகொய்யா நீரோரத்தில் அதற்காகக் காத்திருக்கின்றது. இவற்றை நீக்கிவிட்டால் அவ்வழகும் நீங்கிவிடும்.

சித்தார்த்த குமாரனின் இளமைப் பருவத்தைப் பற்றிய கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. ஏர்மங்கல விழாவில் கலப்பை கிழித்த மண்ணில் புழு பூச்சிகள் மடிந்து கிடப்பதைக் கண்ட குமாரன் துயருற்று, நாவல் மரநிழலில் தனித்து அமர்ந்து முதன்முதலாகத் தியானத்தில் ஆழ்ந்தான் என்று புத்த சரித்திரங்கள் கூறுகின்றன. மண்ணிலிருந்து வெளிப்பட்ட புழுக்களைப் பறவைகள் கொத்தித் தின்றதையும் அவன் கண்டான் என்று மக்கள் வழக்கில் சேர்த்துச் சொல்வர். அக்குமாரன் பறவைகளைக் கல்லெறிந்து துரத்தினான் என்று கதை சொல்லவில்லை. உலகமே இப்படித்தான் என்று தோளைக் குலுக்கிவிட்டு விழாவுக்குத் திரும்பினான் என்றும் சொல்லவில்லை. அவன் பார்த்தான், பார்த்ததிலிருந்து முகத்தைத் திருப்பாமல் அமர்ந்தான், அவ்வமர்விலிருந்து ஒரு தருமமே பின்னர் பிறந்தது.

நம்முள் எழும் விடைகள் பெரும்பாலும் அக்குமாரன் தவிர்த்த இரு வழிகளில் ஒன்றையே பற்றுகின்றன. இயற்கை கொல்கின்றது, ஆதலால் நாமும் கொல்லலாம் என்பது முதல் வழி. இது வாதம்போல் ஒலித்தாலும் வாதமாகாது. நீர்க்காகத்துக்குப் பிற உயிர்களன்றி வேறு உணவில்லை, நமக்கு உண்டு. நீர்க்காகம் தன் செயலை நிறுத்தி எண்ணிப் பார்க்க வல்லதன்று, நாம் வல்லோம். தேரவாத ஆசிரியர்கள் உயிர்க்கொலை என்னும் பாவம் பூரணமாவதற்கு ஐந்து அங்கங்களை வகுத்துரைத்தனர்: உயிரொன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் சித்தம், அதற்கான முயற்சி, அதனால் விளையும் மரணம். அறிவும் சித்தமும் அங்கங்களாக வைக்கப்பட்டமையால், அறியும் ஆற்றல் ஓங்க ஓங்கப் பொறுப்பும் ஓங்குமென்பது பெறப்படும். பறவையின் பெயரைச் சொல்லி அப்பொறுப்பைக் கைகழுவ முயல்வது, அறிவுடையோர் அறிவில்லாததன் பின்னே ஒளிந்துகொள்வதாகும்.

கொல்லும் பிராணிகளைக் கொடியன என்று வெறுத்து, கொல்லப்படுவனவற்றின்பால் மட்டும் இரக்கம் கொள்வது இரண்டாவது வழி. ஜீவகாருண்யத்தின் உருவில் வருவதால் இதன் பிழை எளிதிற் புலப்படுவதில்லை. மீனின்பால் இரங்கி நீர்க்காகத்தைச் சபிப்பவர், கூட்டில் வாய் பிளந்து காத்திருக்கும் நீர்க்காகக் குஞ்சின்பால் இரங்காதவராகின்றார். அவருடைய இரக்கம் தாம் விரும்பும் உருவங்களை மட்டும் தேடித் தழுவுகின்ற ஒருவகைப் பற்றேயன்றிக் கருணையன்று.

நம் முன்னோரும் இவ்விரண்டாம் வழியிற் சில வேளை சென்றிருக்கின்றனர் என்பதற்குக் கொக்கின் தவத்தைப் பற்றிய பழங்கதைகளே சாட்சி. ஒற்றைக் காலில் நின்று முனிவன்போல் நடித்து, நம்பிய மீன்களை ஒவ்வொன்றாய் உண்டு, இறுதியில் நண்டினால் மடியும் கொக்கின் கதை ஜாதகத்திலும் பஞ்சதந்திரத்திலும் உண்டு. போலித் துறவியைப் பழிக்க அக்கதை உதவியதேயன்றி, உண்மையான கொக்குக்கு அது நீதி செய்யவில்லை. கொக்கு எவரையும் ஏமாற்ற நிற்பதில்லை, பசியினால் நிற்கின்றது. வள்ளுவரோ பொருட்பாலில் காலமறிதலைப் பேசும்போது, காத்திருக்க வேண்டிய வேளையில் காத்திருக்கவும் கணம் வாய்த்தபோது தவறாது குத்தவும் கொக்கையே அரசனுக்கு ஆசானாகக் காட்டுகின்றார். அதே வள்ளுவர் அறத்துப்பாலின் துறவறவியலில் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, அதனை அறங்களுள் முதன்மையானதாக வைக்கின்றார். ஒரே நூலில் கொக்கு ஆசானாகவும் இருக்கின்றது. கொக்கின் தொழில் விலக்கப்பட்டும் இருக்கின்றது. கொக்கினிடம் கற்க வேண்டியது ஒன்று, அதனிடம் கற்கலாகாதது ஒன்று என்று பகுத்தறியும் விவேகத்தை அப்பெருமான் படிப்போரிடமே விட்டுவிட்டார் என்று நான் கொள்கின்றேன்.

கற்க வேண்டியது அவதானம். கரையில் நின்று பறவை நோக்குபவரும் கொக்கும் வெளித்தோற்றத்தில் ஒரே நிலையில் நிற்கின்றனர்: உடல் அசையாது, மூச்சு அடங்கி, புலன் ஒருமுகப்பட்டு. ஆனால் கொக்கின் அவதானம் பசியின் கயிற்றால் கட்டுண்டது. அதன் கண் மீனைத் தவிர வேறொன்றையும் காண்பதில்லை. மீனையும் உணவாகவன்றி மீனாகக் காண்பதில்லை. மனிதனுக்கோ அக்கயிற்றை அவிழ்க்கும் வாய்ப்பு அருளப்பட்டிருக்கின்றது. எதையும் வேண்டாமல், எதையும் பற்றாமல், எதன்மீதும் தீர்ப்புக் கூறாமல், உள்ளதை உள்ளபடி காணும் நிலை அவனுக்குக் கைகூடக்கூடியது.

இந்த உண்மையை நம் காலத்தில் மிகத் தெளிவாக எடுத்துரைத்த மகான் ஒருவர் இதே உடவத்தகெலே வனத்தில் வாழ்ந்தார் என்பது கண்டிக்குக் கிடைத்த பேறு. ஜெர்மனியில் 1901ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, இலங்கைக்கு வந்து துறவு பூண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியரால் டேராடூன் முகாமில் அடைத்து வைக்கப்பட்டு, பின்னர் 1952ஆம் ஆண்டு முதல் இவ்வனத்தின் ஆசிரமத்தில் தங்கி, 1994ஆம் ஆண்டு மறையும்வரை தவமும் எழுத்துமாக வாழ்ந்த ஞானபோனிக தேரரையே குறிப்பிடுகின்றேன். 1958ஆம் ஆண்டு கண்டியில் தோன்றிய பௌத்தப் பிரசுர சங்கத்தின் ஸ்தாபகர்களுள் அவரும் ஒருவர். சதிபட்டானம் என்னும் விழிப்புநிலைப் பயிற்சியை உலகறியச் செய்த தம் நூலில், வெறும் அவதானம் என்பதையே அவர் அஸ்திவாரமாக வைத்தார். புலனுக்கு எட்டிய ஒன்றன்மேல் விருப்பையும் வெறுப்பையும் முன்முடிவையும் ஏற்றாமல், அது தோன்றும்போது தோன்றுவதை மட்டும் அறிந்திருத்தல் என்பது அதன் சாரம். அவ்வாறு அறியும்போது தூண்டுதலுக்கும் செயலுக்கும் இடையே ஓர் இடைவெளி பிறக்கின்றது. அந்த இடைவெளியில்தான் மனிதன் சுதந்திரம் அடைகின்றான் என்பது அவருடைய போதனையின் பயன்.

கொல்லாமையின் ஆதாரத்தைத் தேடி நாம் தொடங்கிய வினாவுக்கு விடை அவ்விடைவெளியில் இருக்கின்றது என்பதே என் துணிபு. கொக்கின் கண்ணுக்கும் அலகுக்கும் இடையே இடைவெளி இல்லை, கண்டதும் குத்துகின்றது. மனிதனின் கண்ணுக்கும் கைக்கும் இடையே ஓர் ஆகாசம் இருக்கின்றது. அந்த ஆகாசமும் இயற்கையிலேயே தோன்றியது. மலையும் மழையும் மீனும் கொக்கும் தோன்றிய அதே உலகத்தில், கொல்ல வல்லதாயிருந்தும் கொல்லாதிருக்கத் தெரிந்த ஓர் உயிரும் தோன்றியிருக்கின்றது. ஆகவே இயற்கை கொலையை மட்டுமே போதிக்கின்றது என்பார் இயற்கையின் முழு உருவையும் காணாதவராவர்.

கட்டுக்கலைச் செல்வ விநாயகர் சந்நிதியிற் கைகூப்பிவிட்டு வாவிக்கரைக்கு வரும் என்போன்ற சைவர்க்கு இதில் மேலும் ஒரு படி உண்டு. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் உடன் நின்று காட்டவே காண்கின்றது. உயிரும் தானாகக் காண்பதில்லை. இறைவன் உயிருக்குயிராய் நின்று காட்டியும் உடன் கண்டும் உதவவே காண்கின்றது என்பது மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தம். ஆன்மா உண்டென்பதையே ஏற்காத பௌத்தர்கள் இதனை ஒப்பமாட்டார்கள்; அவ்வேற்றுமையைச் சொற்களால் மூடிவிடுவது இரு சமயங்களுக்கும் மரியாதையாகாது. ஆயினும் பசியோ பற்றோ குறுக்கிடாமல் ஒரு பறவையைக் கணநேரம் முழுமையாகக் கண்டவர், அக்காட்சியைத் தம் சாமர்த்தியத்தின் பேறென்று சொல்லிக்கொள்ள நாணுவர் என்பதில் இரு சாராரும் இணங்குவர். பௌத்தர் அதனை ‘நான்’ அடங்கியதன் விளைவென்பார், சைவர் அருளென்பார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று எங்கள் ஆசிரியர்கள் சொன்னார்கள். பசியைச் சார்ந்து நிற்கும் அவதானம் பசியின் வண்ணமாகின்றது. அருளைச் சார்ந்து நிற்கும் அவதானம் அருளின் வண்ணமாகின்றது. கொல்லாமை அந்த இரண்டாம் வண்ணத்தின் பெயர்.

ஆனால் காண்பதோடு தருமம் முற்றுப்பெறுவதில்லை. பருந்துக்கு அஞ்சித் தன்னை அடைந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து துலாக்கோலில் இட்ட சிபிச் சக்கரவர்த்தியைச் சோழரின் முன்னோனென்று புறநானூற்றுப் புலவர்கள் போற்றினார்கள். அக்கதையில் பெரிதும் சிந்திக்கத்தக்கது, சிபி பருந்தைக் கடிந்துகொள்ளவில்லை என்பதே. பருந்தின் பசி நியாயமென்று அவன் ஒப்பினான்; புறாவின் அபயமும் நியாயமென்று ஒப்பினான்; இரண்டையும் ஒருங்கே காக்கும் விலையைத் தன் உடலிலிருந்து கொடுத்தான். இயற்கையைத் திருத்த முயலாமல், இயற்கைக்குத் தன் பங்கை ஈந்தவன் அவன்.

அத்தகைய ஈகை கண்டி நகரத்தாரிடமும் இன்று வேண்டப்படுகின்றது. மீன் பிடியாதிருத்தல் எளிது. வாவியின் பக்கமாய்ச் சரியும் வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்து கழிவுநீர் அதில் கலவாமற் காத்தல் கடினம். 1999ஆம் ஆண்டில் நீலப்பச்சைப் பாசி பெருகி வாவியின் முகத்தையே மூடியபோது, தூண்டில் தொடாத கைகளாலும் மீனைக் கொல்ல முடியும் என்பதை இந்நகரம் கண்டது. இங்குள்ள நீர் மெத எல வழியாக மகாவலியை அடைவதால், நம் கவனக்குறைவு நம் எல்லையோடு நிற்பதுமில்லை. கரையோர மரங்களில் அடையும் பறவைகளின் எச்சம் நடைபாதையிலும் நடப்போர் ஆடையிலும் விழுகின்றதென்ற முறைப்பாடும் அடிக்கடி எழுகின்றது. அம்முறைப்பாடு பொய்யன்று, அந்த அசௌகரியம் மெய்யானதே. ஆயினும் கிளைகளை வெட்டியும் கூடுகளைக் கலைத்தும் அதனைத் தீர்க்க நினைப்பதற்கு முன், சிபி துலாக்கோலில் இட்ட தசையை நினைத்துக்கொள்வது நலம். குடை பிடித்து நடப்பதும் பாதையைக் கழுவுவதும் அத்தசையோடு ஒப்பிட எத்துணை அற்பமான காணிக்கை! கொல்லாமை விரதத்துக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க மனமின்றி விரதத்தின் பெருமையை மட்டும் வேண்டுவது தகாது.

பறவை நோக்குதல் ஒரு பொழுதுபோக்கென்று பலர் எண்ணுகின்றனர். அதனை ஒரு சாதனை என்றே நான் கூறுவேன். கொல்லும் உயிரையும் கொல்லப்படும் உயிரையும் ஒரே அன்போடு பார்க்கப் பழகியவர், வாழ்க்கையில் தமக்குத் தீங்கு செய்தாரிடத்தும் அவர்களுடைய பசியைக் காணப் பழகுவார். அப்பழக்கத்தினால் அவர் கோழையாகமாட்டார், நீதியை மறக்கவுமாட்டார். உலகம் கொல்லாமையை நமக்குப் போதிக்கும் என்று காத்திருப்போர் ஏமாற்றமே அடைவர்; உலகம் அதனை நம்மிடம் ஒப்படைத்திருக்கின்றது. கொல்லாதவற்றிடையே வாழ்ந்து கொல்லாதிருப்பதில் அருமை ஏதுமில்லை. நாள் முழுவதும் கொல்கின்ற பறவையைக் கண்ணாரக் கண்டு, அதனை மனமார நேசித்து, அதன்பின்னும் தன் கையை அடக்கிக்கொள்ள வல்லவனிடத்திலேதான் அத்தருமம் வேரூன்றி நிற்கும்.